முழங்கால் தரையில் பட்டால்

மார்ச் 9, 1886 – செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றால் வினிகர் தொட்டுக் கண்ணாடி துடைக்கும் நாள். மதுக்கடைச் சுவரில் பத்தொன்பது கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சட்டையில்லாத ஒரு குத்துச்சண்டைத் தடியன், இரண்டு முஷ்டியையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். மகாராணிக்கும் ஒரு படம் உண்டு. அது பீப்பாய்களுக்குப் பின்னால், புகை படிந்து.

இடுப்பில் தோர்ஸா. கீழ்வரிசையில் இரண்டாவது பல் முளைக்கிறது. என் தோளைக் கடித்துக் கடித்து ரவிக்கை முழுக்க எச்சில். ஒரு கையால் துடைத்தேன். மாமனார் எனோக் பாஸ்க் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை.

"ஷாட்ரக் வீல் படத்து மேல கோடு விழுதே, டீச்சரம்மா. மெதுவாத் தொடை. எழுபத்தியோரு ரவுண்டு நின்ன மனுசன். ஒம்பதாவதுலயே மணிக்கட்டு போச்சு, தெரியுமில்ல?"

தெரியும். இந்த வீட்டுக்கு வந்த ஒன்றரை வருடத்தில் அந்த மணிக்கட்டு நூறு தடவை உடைந்திருக்கிறது. வீல் எத்தனை ரவுண்டு நின்றார் என்று பிரிஸ்டல் துறைமுகத்தில் சுமை தூக்குபவன்கூடச் சொல்வான். முப்பத்துநான்கு வயதில் ஏழைகள் விடுதிக் கட்டிலில் செத்தார் என்பதைச் சொல்ல ஆளில்லை. பக்கத்தில் தொங்கும் லஸ்கம் – கடைசி மூன்று வருடம் சொந்தப் பெயர் மறந்து, மகளை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ப்ரே – நாற்பத்தொன்றில் போனார். நான் கல்லறைத் தோட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டத்தை ஒழுங்காகத் தயாரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி. தாவரவியலில் முதல் பரிசு. இப்போது செத்துப்போன முரடர்களின் முகத்தைத் துடைக்கிறேன்.

இந்த நோட்டை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. மாமாவுக்கு எழுத்தே தெரியாது. என் கணவர் சைலஸ் அச்செழுத்தை மட்டும் விரல் வைத்துக் கூட்டிப் படிப்பார். கையெழுத்து என்றால் அவருக்குப் புழு ஊர்ந்த தடம்.

மார்ச் 12

தோர்ஸாவுக்கு இருமல். நாய் குரைப்பதுபோல. கெண்டியில் நீராவி பிடித்தேன். கீழே கடையில் யாரோ ப்ரேயின் பன்னிரண்டாவது ரவுண்டை நடித்துக்காட்டி நாற்காலியை உடைத்தான்.

மார்ச் 17 – புதன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று வாரமாக இடது கண்ணில் புகைக்கரி விழுவதுபோல இருக்கிறது என்று சைலஸ் சொல்லிக்கொண்டிருந்தார் – சொல்லவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன். இல்லாத ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் சின்னக் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார். அவரிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். "சுவரிலிருந்து காகிதம் உரியறது மாதிரி, கண்ணுக்கு உள்ளே ஒரு சவ்வு ஓரத்துல தூக்கிட்டிருக்கு. அப்படியே விட்டா வருஷக்கணக்கா இருக்கலாம். பலமா ஒரு அடி விழுந்தா, திரை இறங்கிடும். அப்புறம் நாங்க பண்றதுக்கு ஒண்ணுமில்ல. என்ன தொழில்?"

"துறைமுகத்துல சுமை தூக்கறேன்," என்றார் சைலஸ்.

"அது மட்டும்தானா?"

காது இரண்டும் குத்து வாங்கிக் காலிஃபிளவர் மாதிரி இருக்கிற ஆளிடம் வேறென்ன கேட்பது.

வீட்டில் வந்து சொன்னேன். மாமா பீர்க் குவளையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வீலுக்கு ரெண்டு கண்ணும் மூடிப்போச்சு. கத்தியால வீக்கத்தைக் கீறிவிட்டு மறுபடி நின்னாரு."

"அதனாலதான் முப்பத்துநாலுல செத்தாரு, மாமா."

"செத்தாரு. எல்லாரும்தான் சாவாங்க. உங்க டாக்டர் சாவமாட்டாரா? அவர் படத்தை யார் மாட்டப்போறாங்க?"

சைலஸ் சிரித்தார். சிரித்தாரே! அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

மார்ச் 20 – சனி

வந்துவிட்டது. லண்டன் கனவான்கள் சிலர் இங்கே குதிரைப் பயிற்சிக் கூடத்தில் கையுறைச் சண்டை நடத்தப்போகிறார்களாம். சட்டத்துக்குப் பயந்து வயல்வெளியில் விடியற்காலையில் அடித்துக்கொள்ளும் வேலை இல்லை. நாற்காலி, விளக்கு, கோட்டுப் போட்ட கூட்டம். லண்டன்காரன் ரெட்ஃபெர்ன் என்பவனுக்கு எதிராக பிரிஸ்டலிலிருந்து ஓர் ஆள் வேண்டும். எனோக் பாஸ்க்கின் மகன்.

"கையுறைதானே, லிடி," என்கிறார் சைலஸ். "தலையணையால அடிக்கிற மாதிரி."

"தலையணையால அடிச்சா சவ்வு கிழியாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"ஒரே ஒரு தடவை. அப்பாவுக்காக."

"நானும் பிள்ளையும் யாருக்காக?"

வெளியே போய்விட்டார். கதவைச் சாத்தும்போதுகூட மெதுவாகத்தான் சாத்துகிறார். அதுதான் எரிச்சல். முரடனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். மாலை வகுப்புக்கு முதல் நாள் வந்தபோது விரல்கள் வீங்கி, சிலேட்டுக் குச்சியைப் பிடிக்க முடியாமல், "மன்னிச்சுக்குங்க மிஸ், நாளைக்கு வீக்கம் வடிஞ்சிரும்" என்றவர். அந்த ஒரு வாக்கியத்துக்காக என் உத்தியோகத்தை விட்டேன்.

மார்ச் 24 – புதன்

சமையலறையில் ஒரு வாளி நிறைய உப்புநீர். அதில் சைலஸின் இரண்டு கைகள், காலையும் மாலையும், தோல் கெட்டிப்படுவதற்காக. கையுறைக்குள் போகிற கைக்கு எதற்கு உப்பு என்று கேட்டேன்.

"எங்கப்பா எனக்கு ஊறவச்சாரு, நான் இவனுக்கு ஊறவைக்கிறேன்," என்றார் மாமா. "உனக்கு வெள்ளரிக்காய் ஊறுகாய் போடத் தெரியுமா? வேலையைப் பாரு."

மத்தியானம் கொல்லையில் பயிற்சி. ஜன்னலில் நின்று பார்த்தேன். மாமா வைக்கோல் மூட்டையால் மகனின் விலாவில் ஓங்கி அறைகிறார். சைலஸ் உடனே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுகிறார். ஊன்றிய கணத்தில் மாமாவும் அவர் தம்பி ஜாப் சித்தப்பாவும் இரண்டு பக்கமும் ஓடிவந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மூலைக்குக் கொண்டுபோய், ஜாப்பின் தொடைமேல் உட்காரவைத்து, பஞ்சால் முகத்தைத் துடைக்கிறார்கள். பழைய வெறுங்கைச் சண்டையின் வழக்கம் இது. ஓர் ஆள் விழுந்தால் ரவுண்டு முடிந்தது. அரை நிமிடம் ஓய்வு. பிறகு நடுக்கோட்டுக்கு வந்தால் போதும். கெட்டிக்காரன் நல்ல அடி வாங்கியதும் முழங்காலைத் தொட்டு மூச்சு வாங்கிக்கொள்வான். இப்படித்தான் எழுபத்தியோரு ரவுண்டு. இருபது தடவை செய்தார்கள். இரண்டு கிழவர்களுக்கும் கால்கள் கோழியின் கால்கள் மாதிரி, யோசிக்காமல் ஓடுகின்றன. தோர்ஸா கைதட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காக அவளை இறக்கிவிட்டுவிட்டேன். பத்து மாதக் குழந்தை. நான் என்ன ஜென்மம்.

மார்ச் 27 – சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூங்க முடியாது. எழுதினாலும் தூங்கப்போவதில்லை.

கனவான்களின் குமாஸ்தா ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். வக்கீல் கையெழுத்து, நெருக்கமாக இரண்டு பக்கம். நாலு மணிக்குச் சமையலறை மேசையில் எல்லாரும் உட்கார்ந்தோம் – மாமா, ஜாப் சித்தப்பா, சைலஸ். என் மடியில் தோர்ஸா, காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

"படி, டீச்சரம்மா. காலேஜுக்குப் போனது ஒரு நாளாவது உபயோகப்படட்டும்."

முதல் பிரிவு, கோதாவின் அளவு. "சரி." இரண்டாவது, கட்டிப்பிடிக்கக்கூடாது, இடுப்பைப் பிடித்து எறியக்கூடாது.

"அப்ப என்னதான் பண்றது?" என்றார் ஜாப். "நலம் விசாரிக்கிறதா?"

மூன்றாவது, பதினைந்து சுற்று, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரவுண்டுக்குக் கடிகாரமா? முட்டையா வேகவைக்கிறானுங்க?" நான்காவது, நடுவரின் தீர்ப்பே முடிவு.

"சரி, ஆள் விழுந்தா?" என்று கேட்டார் மாமா.

நான் வாய் திறப்பதற்குள் ஜாப், "விழுந்தா எப்பவும் போலத்தாண்ணே. போய்த் தூக்கிட்டு வரணும்," என்றார்.

காகிதத்தைப் பார்த்தேன். ஐந்தாவது பிரிவு கண்ணெதிரே இருந்தது: சுற்று நடக்கும்போது ஒருவரின் முழங்கால் தரையில் பட்டால் அவர் பத்து விநாடிக்குள் பிறர் உதவியின்றி எழ வேண்டும், அவருடைய ஆட்கள் எவரேனும் அப்போது கோதாவுக்குள் கால் வைத்தால் அவர் தோற்றவராவார்.

"ஆறாவது," என்று படித்தேன். "கையுறைகள் புதியனவாகவும் தரமானவையாகவும் இருக்க வேண்டும்."

"ஆறா?" என்றார் சைலஸ்.

"ஆறு."

அவ்வளவுதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்த அதே குரல். பன்னிரண்டு வரை படித்தேன். மாமா ஒரு பெருக்கல் குறி போட்டார். சைலஸ் நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்தைப் போட்டார், ஸ்-க்கு வால் வைத்து.

ஒரே ஒரு அடி. முழங்கால் தரையில் படும், கிழவர்கள் ஓடுவார்கள், முடிந்தது. பதினைந்து சுற்று இல்லை. ஒரு அடி. அந்த ஒன்று கண்ணில் விழாமல் இருந்தால் போதும்.

மார்ச் 28

இன்னும் சொல்லிவிடலாம். பதினொரு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 3 – சனி

சொல்லவில்லை.

கடையில் இன்று முழுக்க ஒரே சண்டை – யார் பெரிய ஆள்? வீலா, லஸ்கமா? இரண்டு பேரும் ஒரு காலத்தில் சேர்ந்து வாழ்ந்ததுகூட இல்லை. நாற்பது ஆண்பிள்ளைகள், இரண்டு பிணங்கள், ஒரு மத்தியானம். குவளைகளைப் பொறுக்க வந்த என்னை ஒருவன் வம்புக்கு இழுத்தான்.

"டீச்சரம்மாவுக்கு யாரைப் பிடிக்கும்?"

"ஓபெத் டில்லி," என்றேன்.

கடை குலுங்கியது. டில்லியின் படம் கக்கூஸில் தொங்குகிறது. மாமாவுக்கு முந்தைய காலத்து ஆள். மூன்றாவது ரவுண்டில் மழை பிடித்துக்கொண்டது. வானத்தைப் பார்த்தாராம், எதிராளியைப் பார்த்தாராம், கயிற்றைத் தாண்டிப் போய்த் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "வீட்ல சாப்பாடு ஆறிப்போயிரும்" என்று நடந்துவிட்டாராம். எண்பத்துநாலு வயது வரைக்கும் உயிரோடு இருந்தார். பதினோரு பேரப்பிள்ளைகள். சொந்தப் பற்கள்.

"பயந்தாங்கொள்ளி!" என்றார் மாமா.

"பல்லோட செத்தவரு," என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை. இருக்கட்டும். என் பார்வையும் அப்படித்தான்.

ஏப்ரல் 8 – வியாழன்

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை, இருந்தாலும் போகமாட்டேன். சைலஸ் தோர்ஸாவின் உச்சியை முகர்ந்தார். என்னை முத்தமிட வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன்? என் முகத்தில் ஐந்தாவது பிரிவு எழுதியிருக்கிறதென்று பயமா?

இடது கண்ணில் விழக்கூடாது. விலாவில் விழட்டும். தாடையில் விழட்டும். பல் போனால் போகட்டும். கடவுளே, என்ன பிரார்த்தனை இது.

ஐந்து மணி. துணி காயவில்லை.

ஏப்ரல் 9 – வெள்ளி

கண்ணுக்கு ஒன்றுமில்லை! விலாவில் நீலமாகக் கன்றிய ஒரு தடம், அவ்வளவுதான்.

காலையில் ஜாப் சித்தப்பா வந்து, நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் கதை அளக்கிற ஆள், நம்பியிருக்கமாட்டேன்.

"ரெண்டாவது ரவுண்டும்மா. பையன் நல்லாத்தான் ஆடினான். ரெட்ஃபெர்ன் விலாவுல ஒண்ணு கொடுத்தான். பையன் முழங்காலைத் தொட்டான், மூச்சு வாங்க. நாங்க ரெண்டு பேரும் கயித்துக்குள்ள பூந்து தூக்கிட்டோம். தூக்கி மூலைல உட்கார வச்சு, தண்ணி குடுக்கறேன் – ஒரே அமைதி. நடுவர் ரெட்ஃபெர்னோட கையைத் தூக்கறான். அண்ணன் கேக்கறாரு, 'எதுக்குடா அவன் கையைத் தூக்கறே?' 'அஞ்சாவது பிரிவு, மிஸ்டர் பாஸ்க். நீங்க கையெழுத்துப் போட்டது.' அப்புறம் கூட்டம் சிரிச்சுது பாரு... கோட்டுப் போட்டவனெல்லாம் சிரிச்சான். நம்ம ஆளுங்க சிரிக்கல. காறித் துப்பினாங்க."

"அப்படியா," என்றேன். இடுப்பிலிருந்த பிள்ளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். சந்தோஷத்தை வேறெங்கே வைப்பது?

ஏப்ரல் 13 – செவ்வாய்

கடைக் கதவில் யாரோ ஒரு கடற்பஞ்சை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். தோல்வியை ஒப்புக்கொள்ளும்போது கோதாவுக்குள் எறிகிற பஞ்சு. அதில் சாயம் தோய்த்து, ரத்தம் மாதிரி. பிடுங்கி எறிந்தேன். முன் ஜன்னல் கண்ணாடி இரண்டு போய்விட்டது.

ஊர் முழுக்க ஒரே பேச்சு: நாற்பது வருஷம் கோதாவில் நின்றவனுக்கு விதி தெரியாதா? எனோக் பாஸ்க் விலைபோய்விட்டான். மகனையும் சேர்த்து விற்றுவிட்டான்.

இதை நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தேன், இதை யோசிக்கவில்லை.

ஏப்ரல் 25 – ஈஸ்டர்

கடையில் ஆறு பேர். மூன்று பேர் வெளியூர் மாலுமிகள்.

மாமா தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். "படிச்சாங்களா? அஞ்சுன்னு ஒண்ணு படிச்சாங்களா? ஜாப், உனக்கு ஞாபகம் இருக்கா?" ஜாப்புக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது. "எனக்கு வயசாயிருச்சுடா. லஸ்கம் மாதிரி ஆயிட்டேனா?"

இந்த மனிதரை நான் வெறுக்கிறேன். சைலஸின் மூக்கை மூன்று தடவை உடையவிட்டவர், என் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிடாதவர். இருந்தும் இன்று ஆட்டிறைச்சியில் நல்ல துண்டை அவர் தட்டில் வைத்தேன். வைத்துவிட்டு என்மேலேயே எரிச்சலாக வந்தது. துண்டு கறி!

மே 6 – வியாழன்

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாமா வந்து எதிரே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து, மாவிலேயே வைத்தார். ஒப்பந்தம்.

"மீன் மார்க்கெட்ல ஒரு பாதிரியார் வருவாரு. அவர்கிட்டக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பன்னெண்டும் படிச்சாரு. மெதுவா. விரலை மடக்கி எண்ணிட்டே கேட்டேன்."

நான் பிசைவதை நிறுத்தவில்லை.

"எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், டீச்சரம்மா. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து என் பேரைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன், மறந்துடுச்சான்னு."

"கண்ணு போயிருக்கும், மாமா."

"போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அது சண்டை. நீ பண்ணினது என்ன?"

"ஊர்ல சொல்லிடறேன். நான்தான் படிக்கலன்னு சொல்றேன். உங்க பேர்..."

மேசையில் ஓங்கிக் குத்தினார். மாவு பறந்தது. தோர்ஸா அலறினாள்.

"சொல்லுவியா? எழுத்துத் தெரியாத கெழவன், மருமக வாய் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்னு ஊர் சிரிக்கணுமா? விலைபோனவன்னே சொல்லட்டும். அது பெரிய மனுசன் பண்ற தப்பு!"

எழுந்தார். கதவருகே திரும்பி, "அவன்கிட்டச் சொல்லமாட்டேன். உனக்காக இல்ல. அவன் உன்னை விட்டுட்டுப் போயிட்டா இந்தக் கத்தற பிசாசை யார் வளக்கறது," என்றார்.

ரொட்டி எழும்பவில்லை.

மே 15 – சனி

சைலஸ் யாரிடமும் சொல்லாமல் போய்க் கனவான்களைப் பார்த்திருக்கிறார். மறுபடி மோதக் கேட்டிருக்கிறார். அவரே போய்! ரெட்ஃபெர்னும் சம்மதித்துவிட்டான், கூட்டம் சிரிக்க ஜெயித்ததில் அவனுக்கும் திருப்தி இல்லையாம்.

புது ஒப்பந்தம். அதே மேசை. அதே நாலு மணி.

"ஏங்க இது?"

இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். "அப்பாவுக்கு விலைபோனவன்னு பேரு. அதை நான் எதால தொடைக்கிறது? துணியாலயா?"

மாமா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். "பாதிரியார்கிட்டப் படிச்சுக்கலாம்."

"எதுக்குப்பா? அவதான் இருக்காளே."

மாமா என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை எடுத்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து – முழுக்கப் படித்தேன், முழங்கால், பத்து விநாடி, கால் வைத்தால், தோற்றவர், எல்லாம். ஆறுக்குப் போகவில்லை. போக முடியவில்லை.

சைலஸ் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரலிலிருந்து மடக்கியிருக்கிறார். கட்டைவிரல் மடங்கியிருந்தது.

"இது போன தடவையும் இருந்துச்சா?"

புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். மாமா மறுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

"இருந்துச்சு," என்றேன்.

"நீ படிச்சியா?"

"இல்லை."

அவர் கத்தவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வால் வைக்கவில்லை.

மே 16

"கண்ணுக்காகத்தான் செஞ்சேன்."

"யாரோட கண்ணு?"

"உங்க கண்ணு."

"ஆமா. என் கண்ணு."

இன்று முழுக்க நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

மே 30 – ஞாயிறு

பழக்கத்தை மாற்றுகிறார்கள். மாமா மூட்டையால் அறைகிறார், சைலஸ் முழங்காலை ஊன்றாமல் நிற்கிறார். நிற்கப் பழகுகிறார். முன்பெல்லாம் ஓர் அடிக்கு ஒரு முழங்கால், அரை நிமிடம் ஓய்வு. இப்போது நின்று வாங்க வேண்டும், அடுத்ததையும், அதற்கடுத்ததையும். கிழவர்கள் இருவரும் தங்கள் கால்களைக் கயிற்றால் கம்பத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஓடிவிடாமல் இருக்க.

இதையும் நான்தான் செய்தேன்.

ஜூன் 10 – வியாழன்

போய்விட்டார்கள். குழந்தையை முகர்ந்தார். என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் திருப்பியிருக்கமாட்டேன்.

ஜூன் 11 – வெள்ளி

ஜெயித்துவிட்டார். பதினாலாவது சுற்று.

ஜாப் சித்தப்பாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "எட்டாவதுலயே இடது கண்ணு மூடிருச்சும்மா. அதுக்கப்புறம் ஆறு ரவுண்டு! தலையை இப்படிச் சாச்சு, கோழி பாக்கற மாதிரி ஒத்தக் கண்ணால பாத்து அடிச்சான். ஒரு தடவைகூட முழங்கால் தரைல படல. ரெண்டாயிரம் பேரும்மா! துப்பினவன் எல்லாம் அண்ணனைத் தோள்ல தூக்கிட்டான். வீல்கூட இப்படிச் செஞ்சதில்ல!"

"இடது கண்ணா?"

"வீக்கம்தான். வடிஞ்சிரும்."

ஜூன் 16 – புதன்

வீக்கம் வடிந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரி. அதே மருத்துவர். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நல்லவர். வலது கண்ணை அட்டையால் மறைத்துவிட்டு, இடது கண்ணுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்தார். இமை முடி பொசுங்கிவிடுமோ என்று பயந்தேன், அவ்வளவு பக்கத்தில்.

"எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க."

சைலஸ் கொஞ்சநேரம் பொறுத்து, மரியாதையாக, "ஏத்திட்டீங்களா, ஐயா?" என்றார்.

ஜூன் 22 – செவ்வாய்

கடையில் கால் வைக்க இடமில்லை. "வீல், லஸ்கம், பாஸ்க்" என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள் இப்போது. யார் பெரிய ஆள் என்ற சண்டையில் புதிதாக ஒருவர். அந்த வரிசையில் உயிரோடு இருப்பவர் அவர் மட்டும்தான் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

மாமா ஆறாவது குவளையில் என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "இதோ, பாஸ்க்கோட பொண்டாட்டி! படிச்ச பொண்ணு!" என்றார். கை தட்டினார்கள். அவர் கண்ணில் சிரிப்பு இல்லை. நானும் தலை குனியவில்லை. எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும். இந்த வீட்டில் அப்படித் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

துறைமுகத்தில் இனிப் பளுத் தூக்கியில் நிற்க விடமாட்டார்களாம். தூரம் கணிக்கத் தெரியாதவன் ஆபத்தாம். கிடங்கு வாசலில் காவல் வேலை.

ஜூலை 4 – ஞாயிறு

தோர்ஸா மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழுந்தால் தானே எழுகிறாள்; நான் தூக்கப் போவதில்லை.

மத்தியானம் தேநீர். வழக்கமாக நான்தான் ஊற்றுவேன். இன்று சைலஸே கெண்டியை எடுத்தார். அதன் மூக்கைச் சாய்த்தார். தேநீர் கோப்பைக்கு ஓர் அங்குலம் முன்னால், மேசைவிரிப்பில், நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு அது சத்தத்தில்தான் தெரிந்தது. நிறுத்தினார்.

நான் கோப்பையை எடுத்து, கெண்டியின் மூக்குக்கு நேராக நகர்த்தி வைத்தேன்.

அவர் அதை எடுத்து, முன்பிருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். மறுபடி ஊற்றினார். பாதி உள்ளே விழுந்தது.